பத்தொன்பது தேயிலை நாற்றுகள்

நவம்பர் 6, திங்கள்

குடும்ப நீதிமன்றத்தில் மனுவை எடுத்துக்கொண்டார்கள். இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று எழுதிக் கையெழுத்திட்டோம். முதல் மனுதாரர் வாணி, இரண்டாவது நான். ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மே மாதம் கோர்ட் விடுமுறை என்பதால் ஜூன் 10 என்று தேதி போட்டார்கள். அதற்குள் மனம் மாறினால் மனுவைத் திரும்பப் பெறலாமாம். இருவருக்கும் ஒரே வக்கீல், மரகதம் அம்மா. "இருபத்தி நாலு வருசத்துல ஒரு சண்டைகூட இல்லைங்கறீங்க. சண்டை போட்டிருந்தீங்கன்னா இங்க வந்திருக்க மாட்டீங்க" என்றார். யாரும் கேட்காமல் சொன்ன அபிப்பிராயம்.

வாணி மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நின்றபோது என்னிடம் சொன்னாள்: "ஏனுங்க, பிரிட்ஜுல காய் போடற டப்பாவுல ஒரு பை இருக்குது. ஈர மணலுக்குள்ள தேயிலைக் கொட்டை. எங்கம்மா வீட்டு மரத்துது. நான் இருக்கற ரூமுல வெயிலும் இல்ல, வெக்க எடமும் இல்ல. நட்டு உடறீங்களா? செடியாச்சுன்னா நான் எடுத்துக்கறேன்."

"எத்தனை இருக்கும்?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். என்ன வேடிக்கை என்று தெரியவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

64 விதைகள். பழுப்பு நிறம், கெட்டி ஓடு, கோலிக்குண்டைவிடச் சிறியவை. ஒரு பக்கம் தட்டையாக, அதில் ஒரு வெளிறிய கண்.

இந்த நோட்டு, எங்கள் ஆய்வுக்கூடத்தில் கழித்துக்கட்டிய பதிவேடு. முப்பத்தொரு வருடமாகக் குடிநீர் மாதிரிகளைப் பரிசோதித்து எழுதுகிறவன் நான். மனதில் தோன்றுவதை எழுதும் பழக்கம் கிடையாது. இதில் விதைக் கணக்கு மட்டும் வரும்.

மரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. மாமனார் கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தேயிலைச் செடியை யாரும் கிளை வெட்டிக் கவாத்து செய்யாமல் விட்டதில் அது நாற்பது வருடத்தில் மரமாகிவிட்டது. இப்படி விட்டால்தான் பூத்துக் காய்க்கும். மாமியார் சென்ற ஆடியில் இறந்தார். வாணியின் அண்ணன் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் மரத்தை வெட்டிவிட்டு ஷெட் போடப் போகிறாராம். வாணி அக்டோபரில் போய்ப் பொறுக்கி வந்தது இந்த 64. அந்த மரத்திலிருந்து இனி எதுவும் வராது.

நவம்பர் 8, புதன்

காலை 6.40க்கு வாளியில் தண்ணீர் ஊற்றி விதைகளைப் போட்டேன். மூழ்குவது நல்ல விதை, மிதப்பது சொத்தை. மாடியில் குடியிருக்கும் ரஹமத் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன சார், அண்டிக்கொட்டையா ஊறப்போட்டிருக்கீங்க?" என்றார். முந்திரி இல்லை, தேயிலை என்றேன். "டீத்தூள் ஒரு பாக்கெட் நான் தரேன் சார், இத்தனை பாடு எதுக்கு" என்றார்.

நவம்பர் 9, வியாழன்

மூழ்கியவை 41. மிதந்தவை 23. மிதந்தவற்றைக் குப்பையில் போட்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

காலை பத்து மணிக்கு வாணி போன் செய்தாள்.

"மெதந்ததை என்ன பண்ணீங்க?"

"குப்பையில போட்டேன்."

"அய்யோ! ஒரு நாள்ல முழுகாதது ரெண்டாம் நாள் முழுகுமுங்க. எங்கம்மா மூணு நாள் பாத்துட்டுத்தான் தள்ளுவாங்க."

தெருக்கோடிக் குப்பைத்தொட்டியைத் தீபாவளி என்பதால் யாரும் இன்னும் காலி செய்யவில்லை. வெடித்த காகிதத்தையும் ஸ்வீட் பெட்டிகளையும் கிளறி 22 விதைகளை மீட்டேன். புதுத்துணி உடுத்தி வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்றைக் காணவில்லை.

நவம்பர் 15, புதன்

22இல் 9 மூழ்கின. மொத்தம் 50. ஒரு நாள்தான் கெடு என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நானாக வைத்தது.

நவம்பர் 19, ஞாயிறு

ஈரச் சாக்கில் பரப்பி வெயில் காட்டினால் ஓடு வெடிக்கும் என்று வாணி சொல்லியிருந்தாள். வெடித்தது. வெடித்தவற்றை மணல் பெட்டியில், கண் பக்கவாட்டில் இருக்கும்படி ஒரு அங்குல ஆழத்தில் வைத்தேன். தேயிலைக்குச் சுண்ணாம்பு ஆகாது. புளிப்பு மண்தான் பிடிக்கும். எங்கள் போர் தண்ணீரில் பக்கெட்டே வெள்ளை பூத்துவிடும். குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர் மட்டுமே இதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்து இரண்டு குடம் தனியாக வைத்தேன். எனக்குச் சமைக்கப் போர் தண்ணீர் போதும். பருப்பு வேகத் தாமதமாகிறது.

வாணியின் அழைப்பு: 4 நிமிடம். விதையைப் பற்றி மட்டும்.

டிசம்பர் 3, ஞாயிறு

ஒன்றுமில்லை. அழைப்பு: 3 நிமிடம்.

டிசம்பர் 10, ஞாயிறு

ஒன்றுமில்லை. "தோண்டிப் பாக்காதீங்க, வேர் அடிபட்டுரும்" என்றாள்.

"நேத்தே ரெண்டைத் தோண்டிப் பார்த்தேன்" என்றேன்.

"அதைச் சொல்லாம இருக்க முடியாதுங்களா உங்களால?"

கேட்டதற்குப் பதில் சொன்னேன். சொல்லாமல் விட்டால் பதிவு தப்பாகிவிடும்.

டிசம்பர் 27, புதன்

மணல் விண்டு ஒரு வெள்ளை வளைவு தெரிந்தது. ஆபீஸுக்குப் பதினைந்து நிமிடம் தாமதமாகப் போனேன். ஞாயிறுவரை காத்திருக்காமல் நானே வாணிக்குப் போன் செய்தேன். தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலையாக இருந்தாள். "வந்துருச்சுங்களா!" என்று கத்தியதில் வரிசையில் நின்ற யாரோ "மணியார்டரா அம்மிணி?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

ஜனவரி 14, ஞாயிறு

முளைத்தவை 27. மற்றவை அழுகிவிட்டன. அழைப்பு: 6 நிமிடம்.

ஜனவரி 24, புதன்

ஆய்வுக்கூடத்துக்கு ஒரு விவசாயி கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். முடிவைச் சொன்னேன். "குடிக்கலாமுங்களா, கூடாதுங்களா? அதைச் சொல்லுங்க சாமி" என்றார். புளோரைடு இவ்வளவு, அனுமதித்த அளவு இவ்வளவு என்று திரும்பவும் சொன்னேன். இருபது வருடமாக அதைத்தான் குடிக்கிறாராம். முகம் சுருங்கிப் போனார்.

இதை எழுதக் காரணம் இல்லை. எழுதுகிறேன். மாமியார் கோவையில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எனக்குச் சரியாயிருமுங்களா?" என்று கேட்டார். ரிப்போர்ட்டை நான் படித்திருந்தேன். வாணி கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ரிப்போர்ட்டில் இருந்ததைச் சொன்னேன். நான்கு மாதம். அவர் தலையாட்டினார். அன்று மாலையிலிருந்து சாப்பிடவில்லை. பதினேழாம் நாள் இறந்தார்.

வாணி என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்டோபரில் மேட்டுப்பாளையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

கறுப்பு பாலிதீன் பைகளுக்கு மாற்றினேன். செம்மண்ணும் மணலும் மக்கிய இலையும். ஆணிவேர் என் சுண்டுவிரல் நீளம். மாற்றியதில் 8 வாடின. இருப்பு 19.

பிப்ரவரி 22, வியாழன்

19. எல்லாவற்றிலும் நான்கு இலை. இலை விளிம்பில் பல் தெரிகிறது. சமையலறை ஜன்னலோரம் மூன்று வரிசையாக வைத்துப் போனில் படம் எடுத்தேன். மூன்றாவது பையில் ஒன்று மட்டும் குட்டை. வாணி படம் கேட்கவில்லை. அனுப்பவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வந்து பத்து நாளாகிறது. குடங்கள் காலி. ஒரு வாரமாகப் போர் தண்ணீர்தான் ஊற்றினேன். இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. சுண்ணாம்பு, மண்ணிலுள்ள இரும்பைச் செடிக்குக் கிடைக்காமல் பூட்டிவிட்டது.

வாணியிடம் சொன்னேன். "எல்லாம் போயிருமுங்களா?" என்று கேட்டாள். "போக வாய்ப்பு இருக்கு" என்றேன். "சரிங்க" என்றாள். அழைப்பு: 1 நிமிடம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

மருந்து அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும் இரும்பு உப்பு. லிட்டருக்கு 2.0 கிராம். காலையில் அவசரமாக எடை போட்டுக் கரைத்து எல்லாப் பைகளுக்கும் ஊற்றிவிட்டு ஆபீஸ் போனேன். லிட்டருக்குப் போட்டது 20 கிராம்.

பிப்ரவரி 28, புதன்

இலை விளிம்புகள் கறுக்கின்றன.

பிப்ரவரி 29, வியாழன்

நேற்று முன்தினம் எழுதியதைப் படித்தேன். 2.0. நான் வைத்த புள்ளி. எடை போட்டபோது அது என் கண்ணில் படவில்லை. போட்டது எவ்வளவு என்றும் அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறேன், அதையும் நான் படிக்கவில்லை. பைகளில் தண்ணீர் விட்டு விட்டு அலசினேன். பலன் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் என் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறியதில்லை.

மார்ச் 2, சனி

பத்தொன்பது பைகளிலிருந்தும் மண்ணைக் கொட்டினேன். வேரெல்லாம் கறுப்பு. பைகளைக் கழுவிக் கொடியில் காயப்போட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

பத்து மணிக்கு வாணி.

"எத்தனை இருக்குதுங்க?"

"பத்தொம்பது."

"மஞ்சளு?"

"தெளிஞ்சிருச்சு."

மூச்சு விட்டது கேட்டது. பிறகு அவளாகவே பேசினாள். தபால் ஆபீஸுக்கு இன்ஸ்பெக்டர் வந்தது, கடைவாய்ப் பல் வலிப்பது, வீட்டுக்கார அம்மா பூனைக்குத் தயிர்சாதம் வைப்பது. அழைப்பு: 11 நிமிடம்.

மார்ச் 9, சனி

நாளைக்கு என்ன சொல்வது என்று ஒரு அட்டவணை போட்டேன். இந்த வயது நாற்று வாரத்துக்கு இவ்வளவு வளரும், பத்து நாளுக்கு ஒரு இலை விடும் என்று தோட்டக்கலைப் புத்தகத்தில் இருக்கிறது. பத்தொன்பதும் ஒரே மாதிரி வளராது. விதையிலிருந்து வருவது ஒவ்வொன்றும் ஒரு தினுசு. எனவே ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. இன்ன செடிக்கு இத்தனை இலை என்று எழுதிவைத்தால் அடுத்த வாரம் முரண்படாது.

மார்ச் 10, ஞாயிறு

19. புதுத் துளிர் ஏழு செடிகளில். அழைப்பு: 14 நிமிடம். பல்லைப் பிடுங்கிவிட்டாளாம். துணைக்கு யார் வந்தது என்று கேட்டேன். யாருமில்லை. "இப்படியெல்லாம் கேப்பீங்களா நீங்க" என்றாள்.

மார்ச் 17, ஞாயிறு

படம் கேட்டாள். பிப்ரவரியில் எடுத்ததை அனுப்பினேன். அழைப்பில் இருந்தபடியே படத்தைத் திறந்தாள். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அழகா இருக்குதுங்க" என்றாள்.

மார்ச் 24, ஞாயிறு

"அந்த மூணாவது பையில குட்டையா ஒண்ணு இருந்துச்சே, அது எப்படி இருக்குதுங்க?"

"எட்டிப் புடிச்சிருச்சு. மத்ததைவிட ரெண்டு இலை கூட."

"அதுக்கு ரோசம் போல."

அட்டவணையில் திருத்திக்கொண்டேன். அழைப்பு: 19 நிமிடம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

வெயில் நூறைத் தாண்டுகிறது. ரஹமத் அக்கா மாடியிலிருந்து, "சார், ஜன்னல்ல செடி எதையும் காணோமே?" என்றார். நிழலுக்கு மாற்றியிருக்கிறேன் என்றேன். ஒரு பொய்யைச் சொன்னால் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் அதைப் பந்தி வைக்க வேண்டியிருக்கிறது.

வாணியிடமும் நிழலுக்கு மாற்றியதாகச் சொன்னேன். இரண்டு இடத்திலும் ஒன்றே இருக்கட்டும்.

ஏப்ரல் 14, ஞாயிறு, சித்திரை முதல் நாள்

நான் மாங்காய்ப் பச்சடி செய்தேன் என்று சொன்னதை அவள் நம்பவில்லை. வெல்லம் எவ்வளவு போட்டேன் என்று கேட்டாள். கிராமில் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவளுக்கு. அழைப்பு: 26 நிமிடம். ஒரே வீட்டில் இருந்தபோது ஒரு நாளில் இவ்வளவு பேசிக்கொண்ட ஞாபகம் இல்லை.

போனை வைத்த பிறகு சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஏப்ரல் 20, சனி

லீவு போட்டுக் கோத்தகிரி போனேன். மாமியார் வீட்டுப் பின்பக்கம் மரம் இல்லை. தகர ஷெட் நிற்கிறது. அடியில் ஒரு விதையாவது கிடக்கிறதா என்று பார்த்தேன். சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஒரு நர்சரி. ஆயிரக்கணக்கில் தேயிலை நாற்று. பார்த்துக்கொள்கிறவர் பெயர் போஜன்.

"விதையில முளைச்ச நாத்து இருக்குமா?"

"விதை நாத்தா? அதெல்லாம் யாருங்க இப்ப போடறாங்க. ஒரு இலையோட குச்சி வெட்டி நட்டா போதும், அச்சு அசலா தாய்ச்செடி மாதிரியே வரும். எல்லாம் குச்சி நாத்துதான். எத்தனை வேணும்?"

"பத்தொம்பது."

சிரித்தார். அவரிடம் யாரும் ஆயிரத்துக்குக் குறைந்து கேட்டதில்லையாம். எண்ணிப் பெட்டியில் வைத்தும் கொடுத்துவிட்டார். உயரமும் இலைக் கணக்கும் என் அட்டவணைக்கு ஏறக்குறையப் பொருந்தின. பஸ் ஸ்டாண்டுவரை தூக்கிக்கொண்டு வந்தேன். பிறகு திரும்பிப் போய் அவரிடமே கொடுத்துவிட்டேன். வாயால் பொய் சொல்வது ஒன்று. ஒரு மாதிரியை எடுத்துவிட்டு அதே லேபிளில் வேறு மாதிரியை வைப்பது வேறு. அதை நான் செய்ய மாட்டேன். போஜன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மே 5, ஞாயிறு

19. அழைப்பு: 31 நிமிடம்.

மே 20, திங்கள்

வக்கீல் அம்மா, பொருள்கள் ஒப்படைப்புப் பட்டியலை டைப் செய்து அனுப்பியிருக்கிறார். தையல் மெஷின், பித்தளை அண்டா இரண்டு, மர பீரோ ஒன்று என்று போகிறது. ஒன்பதாவது: தேயிலை நாற்று, எண்ணிக்கை 19. எண்ணிக்கையை வாணி சொன்னாளாம். "அத்தனையும் கொடுத்தேன்னு நீங்க கையெழுத்துப் போடணும், வாங்கிட்டேன்னு அவங்க போடணும். மத்த சாமானெல்லாம் வண்டியில போயாச்சு. செடியை மட்டும் கோர்ட்டுக்கு எடுத்துட்டு வாங்க" என்றார்.

முப்பத்தொரு வருடத்தில் நான் போட்ட கையெழுத்து ஒன்றுக்குக்கூடக் கீழே பொய் இருந்ததில்லை.

ஜூன் 2, ஞாயிறு

19. அழைப்பு: 40 நிமிடம்.

மனுவைத் திரும்பப் பெறலாமா என்று இன்று கேட்க நினைத்தேன். மூன்று முறை வாய்வரை வந்தது. ஏன் என்று அவள் கேட்பாள். வந்து பார், செடியெல்லாம் இங்கே இருக்கிறது, நீயும் இங்கே இரு என்று சொல்லலாம். வந்தால் கழுவிக் காயவைத்த பத்தொன்பது பைகள்தான் இருக்கும். உண்மையைச் சொன்னால் பேச்சு அன்றோடு நின்றுவிடும். சொல்லாவிட்டால் பத்தாம் தேதி நின்றுவிடும். எப்படிப் பார்த்தாலும் எட்டு நாள்தான்.

அவள் திரும்பி வர வேண்டும் என்று விரும்புகிறேன். இதை எழுத ஆறு மாதமாகியிருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

"நாளைக்குக் கொண்டு வர்றீங்களா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். அவளும் "ம்" என்றாள். அழைப்பு: 2 நிமிடம்.

ஜூன் 10, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்தேகாலுக்குக் கோர்ட்டுக்குப் போனேன். கையில் ஒன்றுமில்லை. வாணி தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். செடிகளை எடுத்துப் போகப் பெட்டியோ பையோ எதுவும் அவளும் கொண்டுவரவில்லை. அது என் கண்ணில் பட்டது, அர்த்தம் பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாணி, செடி இல்லை."

"தெரியுமுங்க."

"ஒண்ணுகூட இல்லை."

"தெரியுமுங்க."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"போட்டோ அனுப்பிச்சீங்கல்ல. பின்னாடி செவுத்துல காலண்டர் இருந்துச்சு. மாசி பத்துன்னு போட்டிருந்துச்சு. நான் கேட்டது பங்குனியில. எந்திரிச்சதும் தாளைக் கிழிக்காம நீங்க ஒரு நாள் காப்பி குடிச்சிருக்கீங்களா?"

"அப்பறம் எதுக்கு வாராவாரம் கேட்டே?"

எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மொத நாளு அழுதேனுங்க. அம்மா மரத்துல கடைசியா வந்தது. அடுத்த வாரம் கேக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா நீங்க பொய் சொல்லி நான் கேட்டதே இல்லீங்களே. குட்டைச் செடி எட்டிப் புடிச்சிருச்சுன்னீங்க பாருங்க. ஞாயித்துக்கெழமை எப்ப வரும்னு இருந்துச்சு."

எனக்கு அந்த நிமிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் மாறிவிட்டிருந்தது.

"இத்தனை நல்லாப் பொய் சொல்ல வருதுங்களே உங்களுக்கு. இலைக் கணக்கோட, துளிர்க் கணக்கோட. மூணு மாசம் விடாம சொன்னீங்களே. எங்கம்மா கேட்டப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கலாமல்லங்க? சரியாயிரும்னு ஒரே ஒரு வார்த்தை. நாலு மாசமாவது சோறு தின்னுட்டு இருந்திருப்பாங்க."

ஜனவரி 24ஆம் தேதிப் பதிவில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இப்போது சேர்க்கிறேன். வாணி கட்டிலுக்குப் பின்னால் சும்மா நிற்கவில்லை. என்னைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இரண்டு கையையும் கூப்பினாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது, வராதுன்னு நெனச்சுட்டு இருந்த வரைக்கும் எனக்குக் கோவம்தான் இருந்துச்சு" என்றாள். "வருதுன்னு தெரிஞ்ச பொறவு தாங்க முடியலீங்க."

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். இந்த ஆறு மாதத்தில் சேர்ந்து வாழ முடியுமா என்று யோசித்தீர்களா என்று கேட்டார். "ரொம்ப யோசிச்சேனுங்கம்மா. முடியலீங்க" என்றாள் வாணி. என்னைக் கேட்டார். வாணி சொன்னதுதான் என் முடிவும் என்றேன். வேறு என்ன சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை.

பிறகு பட்டியலை எடுத்தார். என் கையெழுத்து அதில் இன்னும் இல்லை. ஒன்பதாவது வரி தப்பு என்று நான் சொல்லியாக வேண்டும். சொல்ல எழுந்து நின்றேன்.

"சாமானெல்லாம் வந்து சேர்ந்துச்சாம்மா?" என்று நீதிபதி வாணியிடம் கேட்டார். "இதென்ன, தேயிலை நாற்று பத்தொன்பதுன்னு போட்டிருக்கு?"

"வந்துருச்சுங்கம்மா."

"பத்தொன்பதுமா?"

வாணி என்னைப் பார்த்தாள். நேராக, ஒரு விநாடி.

"பத்தொம்பதும் வந்துருச்சுங்க. எல்லாம் நல்லா இருக்குது. துளிர் விட்டிருக்குது."

நீதிபதி அப்படியே குறித்துக்கொண்டார். சிப்பந்தி காகிதத்தை என் முன்னால் வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார். என் வாயில் வார்த்தை தயாராக இருந்தது. தப்பான எண்ணைத் திருத்தாமல் நான் எந்தக் காகிதத்தையும் விட்டதில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டதில் வரி தெரியவில்லை. குனிந்து கையெழுத்துப் போட்டேன்.